குறையாத டோனர் பாட்டில்

ஜனவரி 6, திங்கள். நாள் 1.

தினமும் எழுதச் சொல்லியிருக்கிறார் தோல் டாக்டர் ரெஹானா. முகம் எப்படி இருந்தது, என்ன போட்டேன், எங்கே எரிந்தது. அவ்வளவு போதுமாம். நான் திருச்சி உறையூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆய்வக உதவியாளர். பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டில் செய்முறை, கவனித்தவை, முடிவு என்று பார்த்துப் பார்த்துப் பழகிய ஆள். எழுதச் சொன்னால் விடுவேனா? போன வருடம் மீந்த ரெக்கார்டு நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

விஷயம் இதுதான். ஆறு வருடமாகப் படுக்கப் போகும்முன் நான் போட்டுவந்த வெள்ளை க்ரீமில் ஸ்டீராய்டு இருக்கிறது. தெருமுனை மருந்துக்கடையில் சீட்டு எதுவும் இல்லாமலே கொடுப்பார்கள். முதல் ட்யூபை வாங்கி வந்து கையில் கொடுத்தது அம்மா. போட்ட ஒரே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆனது. இரண்டு நாள் போடாவிட்டால் சிவந்தது. சிவந்தால் என்ன செய்வோம்? மறுபடி போடுவோம். அப்படியே ஆறு வருடம் ஓடிவிட்டது. இப்போது கன்னத் தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து, வெயில் பட்டாலே காந்துகிறது.

"நிறுத்தினா ஒரு வாரத்துல ஆரம்பிக்கும்" என்றார் டாக்டர். "எரியும், சிவக்கும், பொரிப்பொரியா வரும். பயந்துபோய்த் திரும்பப் போட ஆரம்பிச்சீங்கன்னா மறுபடி முதல்லேர்ந்துதான்."

டோனரே வேண்டாம் என்றுதான் சொன்னார். அது இல்லாமல் எனக்கு முகம் கழுவின மாதிரியே இருக்காது என்று அடம்பிடித்தேன். நான் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தார். பாதிக்குப் பாதி ஆல்கஹால். சுரீர் என்று பிடிப்பதுதான் சுத்தம் என்று நினைத்திருந்தேன். ஸ்பிரிட் விளக்கைத் தினமும் ஏற்றி அணைக்கிறவளுக்கு இது தெரியாமல் போனது வெட்கக்கேடு. கடைசியில் ஆல்கஹால் இல்லாத, வாசனை இல்லாத ஒன்றை எழுதிக் கொடுத்தார். "தண்ணி மாதிரிதான் இருக்கும். ஏமாத்திட்டாங்கன்னு நினைக்காதீங்க."

ஆக, காலையில் முகம் கழுவி, டோனரை உள்ளங்கையில் ஊற்றி ஒற்றி, ஈரம் காயுமுன் மாய்ஸ்சரைசர், பிறகு சன்ஸ்கிரீன். மாலையில் கழுவி, டோனர், டாக்டர் கொடுத்த களிம்பு. பழைய ட்யூபைக் குப்பையில் போட்டேன்.

முகம் தேற இரண்டு மூன்று மாதம் ஆகுமாம். மார்ச் 9 ஞாயிறு எனக்குப் பூ வைக்க வருகிறார்கள். அதற்கு அறுபத்திரண்டு நாள்தான் இருக்கிறது.

ஜனவரி 7, செவ்வாய். நாள் 2.

ஒன்றும் எரியவில்லை. டாக்டர் சும்மா பயமுறுத்தியிருக்கிறார்.

ஜனவரி 8, புதன். நாள் 3.

டோனர் பாட்டிலில் ஒரு தாள் பட்டை ஒட்டி, வாரத்துக்கு ஒரு கோடு போட்டுவைத்தேன். அமில பாட்டிலுக்கெல்லாம் செய்வதுதான். ஒரு வாரத்துக்கு ஒரு கோடு இறங்கினால் பாட்டில் இரண்டு மாதம் வரும்.

புதுக்கோட்டையிலிருந்து திருமாறன் பேசினார். கூட்டுறவு வங்கியில் வேலை. மார்ச்சில் பூ வைக்க வருவது அவர் வீட்டார்தான்; கல்யாணம் ஜூனில். நாற்பத்தைந்து நிமிடம் பேசினோம். சொல்லும்படி ஒன்றும் இல்லை.

ஜனவரி 10, வெள்ளி. நாள் 5.

இடது கன்னத்தில் ஆரம்பித்தது. முதலில் அரிப்பு, பிறகு சூடு. மாலைக்குள் இரண்டு கன்னமும் மோவாயும். டாக்டர் சும்மா பயமுறுத்தவில்லை.

ஜனவரி 12, ஞாயிறு. நாள் 7.

டோனர் மட்டும்தான் எரியாமல் இருக்கிறது. மாய்ஸ்சரைசர் போட்டால்கூட ஐந்து நிமிடம் காந்துகிறது. டோனரை ஃப்ரிட்ஜில் தக்காளிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ரசத்துக்கு எடுத்துவிடப் போகிறேன் என்று அப்பா கிண்டல் செய்கிறார். அவர் சமையலறைப் பக்கம் போனதே கிடையாது.

திருமாறன் வீடியோவில் வரச் சொன்னார். உறையூரில் நெட்வொர்க் சரியில்லை என்றேன். உறையூரில் நெட்வொர்க் நன்றாகத்தான் இருக்கிறது.

ஜனவரி 15, புதன். மாட்டுப் பொங்கல். நாள் 10.

மோசம். கண் இமைவரை வீங்கிவிட்டது. நீர் கோத்த சின்னச் சின்னப் பொரி. வந்தவர்களிடம் எனக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டு அம்மா கதவைச் சாத்தினாள். நான் ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலி போட்டு, ஈரத் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். அழுதேன். அழுதால் கண்ணீர் பட்ட இடமும் எரிகிறது என்பது புதிய தகவல்.

அம்மா கதவோரம் நின்று, "ஒரே ஒரு நாளைக்குப் போட்டுக்கயேண்டி. கொஞ்சம் அடங்கட்டும்" என்றாள்.

"போட்டா முதல்லேர்ந்தும்மா. பத்து நாள் போயிரும்."

"மூணு வாரத்துக்கு இப்படித்தான் இருக்கும். நீ தாங்க மாட்ட."

டாக்டரிடம் அவள் வந்ததே இல்லை. எங்கேயோ கேட்டிருப்பாள் போல. பத்தாவது நாளில் அவளிடம் எரிந்து விழுந்தேன். எரிச்சலைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்?

ஜனவரி 20, திங்கள். நாள் 15.

பள்ளி திறந்தது. துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு போனேன். வேதியியல் ஆசிரியை எஸ்தர் டீச்சர் மட்டும் பார்த்துவிட்டு, "ஐயோ சுபா" என்றார். பிறகு நாள் முழுக்க எனக்குப் பதிலாக அவரே பியூரெட் கழுவினார். நல்ல மனுஷி.

மாலையில் டோனர் போட்டபோது முதல்முறையாக லேசாகச் சுரீர் என்றது. ஸ்பிரிட் வாடையும் அடித்த மாதிரி இருந்தது. என் கையில்தான் இருக்கும். இன்று எட்டு ஸ்பிரிட் விளக்கு நிரப்பினேன்.

ஜனவரி 23, வியாழன். நாள் 18.

சிவப்பு பாதியாகக் குறைந்துவிட்டது! பொரி எல்லாம் வற்றிவிட்டது. டோனர் வேலை செய்கிறது. லேசான சுரீர் இருக்கத்தான் செய்கிறது. இருக்கட்டும். எரிகிற மருந்துதான் கேட்கும் என்பார்கள்.

ஜனவரி 26, ஞாயிறு. நாள் 21.

கண்ணாடி முன்னால் பத்து நிமிடம் நின்றேன். க்ரீம் போட்ட காலத்தில் இருந்த அதே பளபளப்பு, க்ரீம் இல்லாமல். மூன்று வாரத்தில் இப்படித் தேறும் என்று டாக்டர்கூட நினைத்திருக்க மாட்டார். எஸ்தர் டீச்சரிடம் டோனர் பெயரை எழுதிக் கொடுத்தேன். அவருக்குத் தோலில் ஒரு குறையும் கிடையாது. ஊருக்கு உபதேசம் செய்கிற உற்சாகம் எனக்கு.

பாட்டிலைப் பார்த்தேன். மூன்று கோடு இறங்கியிருக்க வேண்டும், இரண்டுகூட இறங்கவில்லை. சிக்கனமாகத்தான் போடுகிறேன் போல.

சாப்பிடும்போது அப்பா ஒரே புலம்பல். அவருக்குத் தலையில் செதில் செதிலாக உதிரும். அதற்கு டாக்டர் கொடுத்த மருந்து, தண்ணீராக இருக்கும், தலையில் விட்டுத் தேய்க்க வேண்டும். "ஒரு மாசம் வர்ற பாட்டில் இந்தத் தடவை பாதி மாசத்துலயே காலியாயிருச்சு. கடைக்காரன் அளவக் குறைச்சுட்டானா?" அம்மா, "மூடியச் சரியா மூடி வைங்க, ஆவியாப் போயிரும்" என்றாள். உண்மைதான். நானும் ஆவியாதலைப் பற்றி அப்பாவுக்கு இரண்டு நிமிடம் விளக்கினேன்.

திருமாறனிடம் வீடியோவில் பேசினேன். நெட்வொர்க் சரியாகிவிட்டது.

ஜனவரி 30, வியாழன். நாள் 25. மதுரை.

அறிவியல் கண்காட்சிக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு எஸ்தர் டீச்சரும் நானும் வந்திருக்கிறோம். நான்கு நாள். டோனரை ஃப்ரிட்ஜிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். இறங்கியதும் அதே டோனரில் புது பாட்டில் வாங்கிக்கொண்டேன்.

அம்மா மூன்று தடவை ஃபோன் செய்துவிட்டாள். "அந்தத் தண்ணிய விட்டுட்டுப் போயிட்டியேடி. அப்பாவை பஸ்ல குடுத்து விடட்டுமா?" புதிது வாங்கிவிட்டேன் என்றேன். "அது வேற, இது வேறடி" என்றாள். ஒரு பாட்டில் தண்ணீருக்காக அப்பாவை மதுரைக்கு அனுப்புவதாம்!

பிப்ரவரி 1, சனி. நாள் 27. மதுரை.

மத்தியானத்திலிருந்து கன்னம் காந்துகிறது. இந்த ஊர்த் தண்ணீர் உப்பு. வேறொன்றும் இல்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு. நாள் 28.

வேறொன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறேன். முகம் முழுக்கச் சிவந்துவிட்டது. மாலை பேருந்தில் திரும்பினோம். வீட்டில் நுழைந்ததும் அம்மாவே ஃப்ரிட்ஜிலிருந்து என் பாட்டிலை எடுத்து நீட்டினாள். சுரீர் என்றது. உயிர் வந்தது.

பிப்ரவரி 5, புதன். நாள் 31.

அடங்கிவிட்டது. முடிவு: மதுரைத் தண்ணீர்.

பிப்ரவரி 10, திங்கள். நாள் 36.

பிளஸ் டூ செய்முறைத் தேர்வு நடக்கிறது. கரைசல், கரைசல், கரைசல். ஒரு பையன் பிப்பெட்டில் அம்மோனியாவை உறிஞ்சப் போனான்; தலையில் குட்டினேன். முகம் நன்றாக இருக்கிறது.

பிப்ரவரி 12, புதன். நாள் 38.

மதுரையில் வாங்கிய பாட்டில் பையிலேயே கிடந்தது. வீட்டு பாட்டிலோடு சேர்த்து அலமாரியில் வைக்கப் போனவள், சும்மா இருக்காமல் இரண்டையும் திறந்து மோந்து பார்த்தேன். மதுரை பாட்டிலில் ஒரு வாசனையும் இல்லை. வீட்டு பாட்டிலில் குப்பென்று ஸ்பிரிட். இன்று நான் ஸ்பிரிட் விளக்கைத் தொடவே இல்லை; தேர்வு கண்காணிப்பு மட்டும்தான்.

இரண்டிலும் இரண்டு சொட்டு எடுத்துக் கண்ணாடித் தட்டில் விட்டேன். வீட்டு பாட்டில் சொட்டு சீக்கிரம் காய்ந்தது. ஆல்கஹால் இல்லை என்று பெரிதாக அச்சடித்திருக்கிறான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. நாளைக்கு இருக்கிறது அவர்களுக்கு.

பிப்ரவரி 13, வியாழன்.

நாள் எண் போடவில்லை. காரணம் கீழே.

பள்ளியிலிருந்து வந்ததும் பாட்டிலில் இருந்த புகார் எண்ணுக்கு ஃபோன் செய்தேன். ஒரு பெண் பேசினாள். பாவம், சின்னக் குரல். நான் விடவில்லை. "ஆல்கஹால் இல்லைன்னு போட்டுட்டு ஸ்பிரிட்ட ஊத்தி விக்கிறீங்க. நான் கெமிஸ்ட்ரி லேப்ல வேலை பாக்குறேன், எங்கிட்டயேவா? இதை டெஸ்டுக்கு அனுப்பி நுகர்வோர் கோர்ட்டுல நிறுத்துறேனா இல்லையா பாருங்க."

அம்மா கரண்டியோடு சமையலறையிலிருந்து வந்தாள். "சுபா, ஃபோனை வைடி."

"இரும்மா."

"வைடிங்கிறேன். பாவம், அந்தக் கம்பெனிக்காரன் என்ன பண்ணுவான். நாந்தான் ஊத்துனேன்."

ஃபோனில் அந்தப் பெண், "மேடம், லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அணைத்துவிட்டேன்.

அப்பாவின் தலை மருந்து. அதிலும் ஸ்டீராய்டுதான் இருக்கிறது என்று மருந்துக்கடைக்காரர் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். ஆல்கஹாலில் கரைத்தது; பார்க்க அதுவும் தண்ணீர், டோனரும் தண்ணீர். பள்ளி திறந்த அன்றிலிருந்து இரண்டு நாளைக்கு ஒரு தடவை, இரண்டு மூடி.

"டாக்டர் எழுதிக் குடுத்த மருந்துதானேடி. விஷமா கலந்தேன்?" என்றாள்.

"பூ வைக்க வர்றவங்க முன்னாடி என் மூஞ்சி பளபளன்னு இருக்கணும். அதுக்குத்தானே?"

குழம்பு அடிப்பிடிக்கிற வாடை வந்தது. உள்ளே போய்விட்டாள்.

இந்த நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். எல்லாம் என் கையெழுத்தில்தான் இருக்கிறது. சுரீர் என்றது, ஸ்பிரிட் வாடை, குறையாத பாட்டில், அப்பாவின் புலம்பல், மதுரை. கவனித்தவை எல்லாம் சரி. முடிவு மட்டும் தப்பு. ஒரு பிள்ளை இப்படி ரெக்கார்டு எழுதிக் கொண்டுவந்திருந்தால் எஸ்தர் டீச்சர் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் சுழித்திருப்பார். எனக்குப் பளபளப்பு வேண்டியிருந்தது. அதனால் மோந்து பார்க்கவில்லை.

முப்பத்தொன்பது நாள் போனது. மொத்தமாக வெறுப்பாக இருக்கிறது.

பிப்ரவரி 15, சனி. நாள் 2.

டாக்டர் ரெஹானாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "எங்கிட்ட வர்ற நாலு பேர்ல ஒருத்தர் வீட்டுல யாராவது இப்படி எதையாவது போட்டுவிட்டுருப்பாங்க. டோனர்ல கலந்த கதை மட்டும் இதுதான் முதல்" என்றார். நேற்றை நாள் 1 என்று வைத்து முதலிலிருந்து. மார்ச் 9 அன்று இருபத்து நான்காவது நாள். "அன்னைக்குச் சிவப்பாத்தான் இருக்கும். அதுமேல மேக்கப் போடக் கூடாது. தேதியத் தள்ளி வைக்க முடியுமா?"

அப்பா கேட்டுப் பார்த்தார். மாசி விட்டால் பங்குனி, பங்குனியில் அவர்கள் வீட்டில் சுபகாரியம் பேச மாட்டார்களாம். அதற்குப்பின் வேறு இடம் பார்க்கலாமா என்று பேச்சு வந்துவிடும் என்று அப்பா பயப்படுகிறார். அவர் மட்டும்தான் பயப்படுகிறார் என்று எழுதிக்கொள்கிறேன்.

பிப்ரவரி 18, செவ்வாய். நாள் 5.

ஆரம்பித்துவிட்டது. இந்த முறை வரிசை தெரியும்: இடது கன்னம், வலது கன்னம், மோவாய்.

அம்மாவிடம் பேசவில்லை. சாப்பாடு மேசைக்கு வருகிறது, சாப்பிடுகிறேன். பழைய டோனரைக் கொட்டிவிட்டு, மதுரை பாட்டிலை என் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன். பெற்ற அம்மாவிடமிருந்து தண்ணீரைப் பூட்டி வைக்கிற மகள்.

பிப்ரவரி 20, வியாழன். நாள் 7.

மத்தியானம் அரை நாள் விடுப்பு. ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்து, ஒரு கிண்ணத்தில் ஐஸ் தண்ணீரும் மல் துணியும் உள்ளே வந்தன. கை மட்டும்தான் தெரிந்தது. எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

பிப்ரவரி 22, சனி. நாள் 9.

அம்மா பேசினாள். அவள் சொன்னதை அப்படியே எழுதப் பார்க்கிறேன்.

கிண்ணத்தோடு வந்தவள் போகாமல் கட்டிலில் உட்கார்ந்தாள். "உன் கல்யாணத்துக்காக ஊத்துனேன்னு நினைச்சுக்கிட்டு இருக்க" என்றாள். நான் துணியை எடுக்கவில்லை.

"நீ ஏழாவது படிக்கிறப்ப எனக்கு அம்மை போட்டுச்சே, ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது. அப்பத்தா அம்மாவைப் பின்னறையில் படுக்கவைத்து, வாசலில் வேப்பிலை சொருகி, என்னை உள்ளே விடவில்லை. மூன்று வாரம் நான் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன்.

"அது அம்மை இல்லடி."

நான் பிறந்தபின் அம்மாவுக்குக் கன்னத்தில் மங்கு விழுந்திருக்கிறது. கறுப்புத் திட்டுத் திட்டாக. எனக்கு இரண்டு வயதில் மருந்துக்கடையில் ஒரு ட்யூப் வாங்கிப் போட ஆரம்பித்தாள். மங்கு போனது, பளபளப்பு வந்தது. நான் ஏழாவது படித்தபோது ஒரு மாதம் அந்த ட்யூப் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. முகம் சிவந்து பொரிந்து வீங்கிவிட்டது. அப்பத்தா பார்த்துவிட்டு அம்மை என்றார். அம்மா மறுக்கவில்லை. க்ரீம் போட்டேன் என்று மாமியாரிடம் சொல்வதைவிட அம்மை மேலாகப் பட்டிருக்கிறது. மூன்று வாரம் வேப்பிலைப் படுக்கை. பிறகு கடைக்கு ட்யூப் வந்தது. பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லி ஒன்று வாங்கிப் போட்டாள். இரண்டு நாளில் முகம் இறங்கியது. மாரியாத்தா குளிர்ந்துவிட்டாள் என்று அப்பத்தா தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்.

"அன்னைலேர்ந்து ஒரு நாள் விட்டதில்ல. நீ பொங்கலன்னைக்கு இந்த நாற்காலியில உக்காந்து அழுத பாரு. அந்த எரிச்சல் எனக்குத் தெரியும். எதப் போட்டா அணையும்னும் தெரியும். தெரிஞ்சுக்கிட்டு எப்படிடி சும்மா இருக்கிறது?"

துணியை எடுத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். இருபத்தொன்பது வருடமாகப் பார்க்கிற முகம். கன்னத்தில் நூல் நூலாகச் சிவப்பு நரம்பு ஓடுவது அம்மாவின் நிறம் என்றுதான் நினைத்திருந்தேன். எனக்கு ஆறு வருடம். அவளுக்கு இருபத்தேழு.

கோபம் போய்விட்டது என்று எழுத மாட்டேன். ஆனால் அழுகை வந்தது, இந்தமுறை எனக்காக இல்லை.

பிப்ரவரி 24, திங்கள். நாள் 11. அம்மாவுக்கு நாள் 1.

அம்மாவே கேட்டாள், அந்த டாக்டரம்மா எனக்கும் பார்ப்பாங்களா என்று. மாலையில் அழைத்துப்போனேன். உங்களுக்கு மாதக் கணக்கு இல்லை, ஒரு வருடம்கூட ஆகலாம் என்றார் டாக்டர் ரெஹானா. அம்மா ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவள் மாதிரி தலையாட்டினாள்.

வெளியே வந்ததும், "ஒன்பதாந்தேதி கழிச்சு ஆரம்பியேன்மா, வீட்டுக்கு ஆள் வர்றாங்க" என்றேன்.

"நல்லாயிருக்குடி. நான் பளபளன்னு உக்காந்திருக்கேன், நீ பக்கத்துல செக்கச்செவேல்னு உக்காரு. பாக்குறவன் காறித் துப்புவான்."

டோனரை பீரோவிலிருந்து எடுத்துப் பழையபடி ஃப்ரிட்ஜில் வைத்தேன். எப்படி ஒற்றுவது என்று காட்டிக் கொடுத்தேன். போட்டுவிட்டு, "என்னடி இது, வெறும் தண்ணியா இருக்கு" என்றாள்.

பிப்ரவரி 26, புதன். நாள் 13. அம்மாவுக்கு நாள் 3.

திருமாறனிடம் சொல்லிவிட்டேன். வீடியோவைப் போட்டு முகத்தையும் காட்டினேன். "ரொம்ப எரியுதா?" என்று கேட்டார். பிறகு, "எனக்கு ஒண்ணும் இல்லைங்க. ஆனா எங்கம்மாதான்... உங்க ஃபோட்டோவை எல்லார்கிட்டயும் காட்டி, பொண்ணு என்னா கலரு பாருங்கன்னு சொல்லிக்கிட்டு இருக்காங்க" என்றார். அந்த நிறம் க்ரீமின் நிறம் என்றேன். நீங்களாக வீட்டில் சொல்ல வேண்டாம், வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்றும் சொன்னேன்.

வேண்டாம் என்று அவர்கள் எழுந்து போனால் என்ன ஆகும் என்று யோசித்தேன். எனக்கு வலிக்கும். இந்த நோட்டில் இதுவரை எழுதாததை எழுதுகிறேன்: அவரை எனக்குப் பிடித்திருக்கிறது.

மார்ச் 3, திங்கள். நாள் 18. அம்மாவுக்கு நாள் 8.

அம்மாவுக்கு ஆரம்பித்துவிட்டது. ஃபேனுக்குக் கீழே இரண்டு நாற்காலி. அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு ஏசி வாங்கிரலாம் போலருக்கே" என்றார். இருவரும் ஒரே நேரத்தில் அவரை முறைத்தோம்.

மார்ச் 8, சனி. நாள் 23. அம்மாவுக்கு நாள் 13.

எனக்குப் பொரி வற்றி, சிவப்பு மட்டும் நிற்கிறது. அம்மாவுக்கு இமை வீங்கியிருக்கிறது. காலையில் மருந்துக்கடைக்குக் கொண்டுபோகிற பையை அவள் எடுப்பதைப் பார்த்தேன். எடுத்தவள், கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அதிலேயே வெற்றிலை பாக்கு வாங்கப் போனாள். திரும்பி வந்தபின் நான் பையைச் சோதிக்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு. நாள் 24. அம்மாவுக்கு நாள் 14.

காலையில் கழுவி, டோனர் ஒற்றி, மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன். பவுடர்கூட இல்லை. நீலப் பட்டுப்புடவை. அம்மாவுக்கு அரக்கு.

பத்தரைக்கு ஒன்பது பேர் வந்தார்கள். நான் காப்பித் தட்டோடு போய் நின்றதும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். திருமாறன் தரையைப் பார்த்தார். அவருடைய பெரியம்மா என்னைப் பார்த்தார், என் பின்னால் நின்ற அம்மாவைப் பார்த்தார், பிறகு சட்டென்று எழுந்து புடவைத் தலைப்பை இழுத்துக்கொண்டார்.

"ஏங்க, வீட்டுல அம்மை போட்டிருக்கா? அம்மை போட்ட வீட்டுல எப்படிப் பூ வைக்கிறது?"

சொல்ல வேண்டியதை நான் மனப்பாடமாக வைத்திருந்தேன். முதல் வரியே மறந்துபோனது.

அம்மா முன்னால் வந்தாள்.

"அம்மை இல்லைங்க. வெள்ளையாகணும்னு நாங்க ரெண்டு பேரும் ஒரு க்ரீம் போட்டுக்கிட்டு இருந்தோம். இவ ஆறு வருஷம், நான் இருபத்தேழு வருஷம். இவளுக்கு வாங்கிக் குடுத்ததும் நாந்தான். இப்ப விட்டுட்டோம். விட்டா இப்படித்தான் ஆகுமாம்." மூச்சு வாங்கினாள். "இது தேறிரும். தேறுனாலும் ஃபோட்டோவுல பாத்த கலரு வராதுங்க. அது இவ கலரு இல்ல. மாநிறந்தான். பாத்துக்கிட்டு, உங்களுக்குச் சம்மதம்னா பூ வைங்க."

அப்பா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினேழு வருடத்துக்கு முந்தைய வேப்பிலையைப் பற்றி அவருக்கும் இப்போதுதான் புரிந்திருக்க வேண்டும்.

பெரியம்மா உட்காரவில்லை. திருமாறனின் அம்மாவான கோமதி அத்தையைப் பார்த்து, "என்ன கோமதி, கெளம்பலாமா?" என்றார். திருமாறன் தலையை நிமிர்த்தி, "அம்மா" என்றார்.

கோமதி அத்தை எழுந்தார். வாசலைப் பார்த்துப் போகவில்லை. சீர்த்தட்டிலிருந்து மல்லிகைச் சரத்தை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். காப்பித் தட்டை அம்மா வாங்கிக்கொண்டாள். நான் உட்கார்ந்து தலை குனிந்தேன். அத்தை பின்னலைப் பிடித்துக்கொண்டு என் காதருகே குனிந்தார். அவ்வளவு பக்கத்தில், பவுடருக்கு அடியில், அவர் கன்னத்தில் நூல் நூலாகச் சிவப்பு நரம்பு ஓடுவது தெரிந்தது.

"எத்தனை நாளைக்கும்மா எரியும்?" என்று, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டார்.

"மூணு வாரம் ரொம்ப எரியும் அத்தை. அதுக்கப்புறம் தாங்கிக்கலாம்."

அவர் கை பின்னலில் அப்படியே நின்றது.

"கல்யாணத்துக்கு மூணு மாசம் இருக்குல்ல" என்றார். பூவை வைத்தார்.